வாசகர் கேள்வி பதில்: மதீனாவிலிருந்து கிளம்பிய படைகள்

போன வாரம் பத்ர் போரைப் பற்றி, அதாவது மதீனா முஸ்லிம்களுக்கும் மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கும் நடந்த முதல் பெரிய போரைப் பற்றி, ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் இந்த வாரப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதியவர்களுக்கும் பதில் உண்டு.

வாசகர், மேலப்பாளையம்: நபிகள் நாயகம் (ஸல்) காலத்தில் 27 போர்கள் என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொல்கிறார்கள். ஒரு புத்தகத்தில் 19 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டுமே பழைய நூல்களில் இருப்பவைதான். 27 என்பது நபிகளாரின் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் தரும் கணக்கு. 19 என்பது ஸைத் பின் அர்கம் என்ற நபித்தோழர் சொன்னதாக புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வருவது. அகழ்ப் போரும் அதை அடுத்து வந்த பனூ குறைழா முற்றுகையும் ஒரே பயணமா, இரண்டா? ஹுனைனையும் தாயிஃபையும் சேர்த்து எண்ணுவதா, பிரித்து எண்ணுவதா? எண்ணுகிறவரைப் பொறுத்துத் தொகை மாறும் என்று பழைய உரையாசிரியர்களே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்ணிக்கைச் சண்டையைவிட முக்கியமான ஒன்று உண்டு. நபிகளார் தாமே தலைமை தாங்கிப் போனது கஸ்வா, வேறொருவரைத் தலைவராக்கி அனுப்பியது ஸரிய்யா. கஸ்வா என்றால் அங்கே சண்டை நடந்தாக வேண்டும் என்பதில்லை. அந்த 27-ல் வாள் உருவிச் சண்டை நடந்தது 9-ல் மட்டும்தான் என்று அதே இப்னு இஸ்ஹாக் சொல்கிறார்: பத்ர், உஹது, அகழ், குறைழா, முஸ்தலிக், கைபர், மக்கா, ஹுனைன், தாயிஃப். உம்ரா என்ற மக்காப் புனிதப் பயணம் செய்வதற்காக இஹ்ராம் உடையில் கிளம்பி, ஒப்பந்தம் எழுதிவிட்டுத் திரும்பிய ஹுதைபிய்யா கூட அந்த 27-ல் இருக்கிறது! ஆகவே '27 போர்கள்' என்று பெருமையாகச் சொல்கிறவர்களும், அதே எண்ணை எடுத்து வசைபாடுகிறவர்களும், இரண்டு தரப்பும் பட்டியலைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஸரிய்யாக்களும் அப்படித்தான். வேவு பார்க்க, பாதையைக் கண்காணிக்க, பகைக் குலத்தை முந்திக்கொண்டு தாக்க, சிலையை உடைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. ஹிஜ்ரி 4-ல் (நபிகளார் மதீனாவுக்குக் குடிபெயர்ந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு) பிஃரு மஊனாவுக்குப் போனவர்கள் குர்ஆன் கற்றுக்கொடுக்கப் போனவர்கள். வழியிலேயே அவர்களைக் கொன்றுவிட்டார்கள்.

வாசகர், சென்னை: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பத்ரில் வணிகக் கூட்டத்தை மறிக்கப் போனது வழிப்பறி இல்லையா?

குறைஷிகளின் வணிகக் கூட்டத்தைக் குறிவைத்துத்தான் போனார்கள். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, முஸ்லிம்களின் நூல்களே ஒளிக்காமல் சொல்கின்றன. ஆயுதமில்லாத கூட்டம் நமக்குக் கிடைக்காதா என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்று குர்ஆனே (8:7) அவர்களைப் பார்த்துச் சொல்கிறது. மக்காவில் வீட்டையும் பொருளையும் விட்டு வந்தவர்கள், அங்கே விட்டதெல்லாம் பறிபோனவர்கள், தங்களை விரட்டியவர்களின் சிரியா வணிகப் பாதை தங்கள் ஊர்ப் பக்கமாகப் போகும்போது அதை நெரிக்கப் பார்த்தார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே போர் நிலை இருந்தது, மேலே நீதி கேட்க அரசன் இல்லை, ஒரு குலம் இன்னொரு குலத்தின் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போவது அந்தப் பாலைவனத்தில் பழகிப்போன விஷயம். 'எல்லாமே தற்காப்புப் போர்' என்று பூசி மெழுகவும் எனக்கு விருப்பமில்லை, 'வெறும் வழிப்பறி' என்ற வாதமும் ஏற்புடையதல்ல.

உண்மையில் அந்தக் காலத்து நெருடல் வேறு இடத்தில் இருந்தது. பத்ருக்குச் சில வாரம் முன்பு அப்துல்லாஹ் பின் ஜஹ்ஷ் தலைமையில் ஒரு சின்னக் குழு கிளம்பியது. கையில் ஒட்டிய கடிதம், இரண்டு நாள் நடந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. திறந்தால், மக்காவுக்கும் தாயிஃபுக்கும் இடையில் உள்ள நக்லாவுக்குப் போய்க் குறைஷிகளின் நடமாட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கூட வருகிறவர் யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று இருந்தது. போன இடத்தில் உலர்ந்த திராட்சையும் தோலும் ஏற்றி வந்த கூட்டம் கண்ணில் பட்டது. ரஜப் மாதத்தின் கடைசி நாள் அது. போர் செய்யக் கூடாத புனித மாதம். விட்டால் இரவுக்குள் மக்கா எல்லைக்குள் போய்விடுவார்கள். தாக்கிவிட்டார்கள், ஒருவர் செத்தார், இரண்டு பேர் பிடிபட்டார்கள். மதீனா வந்தால் பாராட்டு இல்லை. புனித மாதத்தில் சண்டை போடச் சொல்லவில்லையே என்று நபிகளார் அந்தப் பொருளைத் தொடவே மறுத்துவிட்டார். அப்புறம்தான் 2:217 வசனம் வந்தது. அந்த மாதத்தில் போர் செய்வது பெரிய குற்றம்தான், ஆனால் மக்களைத் தடுப்பதும் ஊரைவிட்டு விரட்டுவதும் அதைவிடப் பெரியது என்ற பொருளில்.

பத்ருக்கு வருவோம். வணிகக் கூட்டத்தின் தலைவர் அபூ ஸுஃப்யான் சாமர்த்தியசாலி. தன் கூட்டத்துக்கு முன்னால் தனியாக வந்து, கிணற்றடியில் ஒட்டகம் நிறுத்திப் போனவர்கள் யார் என்று விசாரித்து, அங்கே கிடந்த சாணத்தை உடைத்துப் பார்த்தார். உள்ளே பேரீச்சங்கொட்டை. இது யஸ்ரிபுத் (மதீனாவின் பழைய பெயர்) தீனி என்று சொல்லிவிட்டு உடனே கடற்கரைப் பக்கமாகப் பாதையை மாற்றித் தப்பித்துவிட்டார். சரக்கு தப்பியாயிற்று, திரும்பி வாருங்கள் என்று மக்காப் படைக்கும் ஆள் அனுப்பினார். பனூ ஸுஹ்ரா குலத்தார் திரும்பியும் போனார்கள். குறைஷித் தலைவர்களில் ஒருவரான அபூ ஜஹ்ல்தான் பத்ர் வரை போயே தீருவேன் என்று நின்றார். ஆக, மறிக்க வேண்டிய கூட்டம் கையைவிட்டுப் போன பிறகு நடந்த போர் அது. ஹிஜ்ரி 2, ரமலான் 17. இந்தப் பக்கம் 313 பேர் அளவில், இரண்டே குதிரை, 70 ஒட்டகம், மாறி மாறி ஏறி வந்தார்கள். அந்தப் பக்கம் ஏறத்தாழ ஆயிரம். 14 முஸ்லிம்களும் குறைஷிகள் 70 பேரும் இறந்தார்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: முஃதாவில் 3,000 பேர் இரண்டு லட்சம் ரோமானியரை எதிர்த்தார்கள் என்பது நம்பக்கூடியதா?

இரண்டு லட்சம் என்பதை நான் நம்பவில்லை. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. பாரசீகத்தோடு இருபத்தைந்து வருடம் போராடி அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பேரரசு, ஒரு எல்லைக் கிராமத்துக்கு அத்தனை பேரை எப்படிக் கூட்டி வரும், தண்ணீர் எங்கே கொடுக்கும்? பழைய நூல்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஷஹீத்களே (போரில் உயிர்நீத்த முஸ்லிம்கள்) ஒரு டஜன் பேர்தான்.

ஆனால் போர் நடந்ததில் சந்தேகமில்லை. 629-ல், ஹிஜ்ரி 8-ல், இன்றைய ஜோர்டானில் நடந்தது. தூதராகப் போனவரை எல்லைச் சிற்றரசன் ஒருவன் கொன்றதுதான் காரணம் என்கிறார்கள். தியோஃபனீஸ் என்ற பைசாந்திய (கிழக்கு ரோமானிய) குறிப்பெழுத்தாளரும், கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்துத்தான் என்றாலும், இதே ஊரையும் அரபுத் தளபதிகள் மூவர் இறந்ததையும் காலித் தப்பியதையும் எழுதியிருக்கிறார். நபிகளார் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் என்று மூன்று பேரை வரிசையாக நியமித்திருந்தார்: ஸைத் பின் ஹாரிஸா, ஜஅஃபர் பின் அபீ தாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா. மூன்று பேருமே விழுந்தார்கள். அதற்குப் பிறகு கொடியை எடுத்தவர் காலித் பின் வலீத். இஸ்லாத்துக்கு வந்து சில மாதங்களே ஆனவர், உஹதில் முஸ்லிம்களைப் பின்புறமாக வந்து சிதறடித்ததே இவர்தான்! அன்று கையில் ஒன்பது வாள் உடைந்ததாக அவரே சொன்னது புகாரியில் இருக்கிறது. ஆனால் அவர் செய்த பெரிய வேலை வாள் வீசியது அல்ல, படையைக் கலையாமல் பின்வாங்கிக் கொண்டுவந்தது. மதீனாவில் ஜனங்கள் மண்ணை வாரி வீசி, 'ஓடி வந்தவர்களே' என்றார்கள். இவர்கள் ஓடியவர்கள் அல்லர், திரும்பவும் போகப்போகிறவர்கள் என்று நபிகளார்தான் தடுத்தார். எண்ணிக்கையைப் பெருக்கி வீரம் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏன் விட்டுவிடுகிறார்களோ!

வாசகி, காத்தான்குடி: தபூக்குக்கு அவ்வளவு பெரிய படை போய், சண்டையே இல்லாமல் வந்ததாமே, அப்படியானால் எதற்குப் போனார்கள்?

ரோமானியர்கள் படை திரட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது, போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனால் சும்மா போய் வந்ததாகச் சொல்ல முடியாது. ஹிஜ்ரி 9 ரஜபில், 30,000 பேர் என்று சொல்லப்படும் படை வடக்கே அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் போய் இருபது நாள் போலத் தங்கியது. செங்கடல் ஓரத்து அய்லாவின் தலைவர் வந்து ஜிஸ்யா (முஸ்லிம் அல்லாதவர் கட்டும் வரி) கட்ட ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். ஜர்பா, அத்ருஹ் ஊர்க்காரர்களும் வந்தார்கள். காலித் போய் தூமத்துல் ஜந்தல் அரசரைப் பிடித்துவந்தார். சிரியாவுக்குப் போகும் வாசல் ஊர்கள் இவை. ஒரு அம்பு விடாமல் கிடைத்தது அதிகம்.

தபூக்கில் எனக்குப் பிடித்தது ஊரில் தங்கிவிட்டவர்களின் கதை. கடுமையான வெயில், பேரீச்சை பழுத்துத் தொங்குகிற நேரம், நீண்ட பாதை. வழக்கமாகப் போகுமிடத்தை வெளியே சொல்லாத நபிகளார் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டார், தயாராக வேண்டுமே. கஅப் பின் மாலிக் வசதியான ஆள், ஒட்டகமும் இருந்தது. நாளைக்கு ஏற்பாடு செய்யலாம், நாளைக்கு என்று தள்ளிப்போட்டே படை போய்விட்டது. திரும்பி வந்ததும் எண்பது பேர் போல வந்து ஆளுக்கொரு சாக்கு சொல்லித் தப்பினார்கள். இவரும் இன்னும் இரண்டு பேரும் சாக்கு எதுவும் இல்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். விளைவு? ஐம்பது நாள் ஊரே பேசவில்லை. ஸலாம் சொன்னால் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து கஸ்ஸான் அரசனிடமிருந்து 'எங்களிடம் வந்துவிடு' என்று கடிதம் வர, அதை அடுப்பில் போட்டார். கடைசியில் தவ்பா அத்தியாயத்தின் 118-வது வசனம் வந்து மன்னிப்புக் கிடைத்தது. அவரே சொல்லும் இந்த விவரம் புகாரியில் நீளமாக இருக்கிறது, அவசியம் படியுங்கள்.

வாசகர், திண்டுக்கல்: பதினெட்டு வயதுப் பையனைத் தளபதியாக்கினார்களாமே?

உஸாமா. முஃதாவில் விழுந்த ஸைதின் மகன். பெரியவர்கள் இருக்க இவரா என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. சிரியா எல்லைக்குப் போக வேண்டிய அந்தப் படை ஊருக்கு வெளியே நிற்கும்போது நபிகளார் காலமாகிவிட்டார், குலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோக ஆரம்பித்துவிட்டன. இந்த நேரத்தில் படையை அனுப்பாதீர்கள், குறைந்தது தலைவரையாவது மாற்றுங்கள் என்று கேட்டார்கள். நபிகளாருக்குப் பின் முதல் கலீஃபாவான அபூபக்ர் இரண்டுக்கும் மறுத்துவிட்டார். உஸாமா சவாரி செய்து போக, கலீஃபா கூடவே நடந்து போய் வழியனுப்பினார். உமரை மட்டும் எனக்குத் துணைக்கு விட்டுப் போகலாமா என்று அந்த இளைஞரிடம் அனுமதியும் கேட்டார்! பெண்கள், குழந்தைகள், முதியவர்களைக் கொல்லாதீர்கள், பழ மரத்தை வெட்டாதீர்கள், மடத்தில் ஒதுங்கியிருப்பவர்களை விட்டுவிடுங்கள் என்ற புகழ்பெற்ற அறிவுரையை இந்த நேரத்தில்தான் சொன்னார் என்று தபரியின் வரலாற்று நூலும், சிரியாவுக்கு யஸீத் பின் அபீ ஸுஃப்யானை அனுப்பும்போது என்று முவத்தா என்ற நபிமொழித் தொகுப்பும் சொல்கின்றன.

கல்லூரி மாணவர், மதுரை: காலித் ஒட்டக வயிற்றில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பாலைவனத்தைக் கடந்த கதை அறிவியல்படி சாத்தியமா?

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 634-ல் ஈராக் முனையில் இருந்த காலிதுக்கு, உடனே சிரியாவுக்குப் போ என்று அபூபக்ரிடமிருந்து உத்தரவு. வழக்கமான பாதையில் போனால் ரோமானியக் காவல்கள். ஆகவே ஐந்து நாள் தண்ணீரே கிடைக்காத பகுதியில் புகுந்தார். வழிகாட்டி ராஃபிஃ, ஒட்டகங்களை நன்றாகத் தாகத்தில் விட்டு, பிறகு வயிறு முட்டக் குடிக்க வைத்து, அசைபோடாதபடி வாயைக் கட்டச் சொன்னார். நிறுத்தம்தோறும் சிலவற்றை அறுத்து, வயிற்று நீரைப் பாலில் கலந்து குதிரைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசி நாள், கண்வலியோடு இருந்த ராஃபிஃ ஒரு முட்செடியைத் தேடச் சொன்னார். இல்லை என்றார்கள். மறுபடி தேடுங்கள், இல்லாவிட்டால் நாம் எல்லோரும் செத்தோம் என்றார். வெட்டுண்ட அடிக்கட்டை கிடைத்தது, தோண்டினார்கள், தண்ணீர்.

இதில் எது சாத்தியம்? ஒட்டகம் வயிற்றில் சுத்தத் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில்லை, திமிலில் இருப்பது கொழுப்பு. ஆனால் அதன் முன்வயிற்றில் ஏராளமான நீர்மம் இருக்கும், குடித்த கையோடு அறுத்தால் நிறையவே கிடைக்கும். நாற்றமடிக்கும், மனிதன் குடிக்கத் தயங்குவான், தாகத்தில் இருக்கும் குதிரை குடிக்கும். ஆட்கள் தங்கள் தண்ணீரைத் தோல்பையில் சுமந்துதான் போனார்கள், ஒட்டக வயிறு குதிரைகளுக்காக என்பதை மேடையில் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். போனவர்களும் பல ஆயிரம் பேர் அல்லர், சில நூறு பேர் என்றே பல ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். போன பாதை எது என்பதில் மட்டும் இன்றைக்கும் சண்டை தீரவில்லை. தெற்கே தூமத்துல் ஜந்தல் வழி என்று ஒரு கட்சி, வடக்கே பல்மைரா வழி என்று இன்னொரு கட்சி.

வாசகர், பெங்களூரு: இரண்டு வல்லரசுகளை எப்படி இருபது வருடத்துக்குள் சாய்த்தார்கள்? ஈமானின் (இறைநம்பிக்கையின்) பலம் என்பதைத் தவிர வேறு பதில் உண்டா?

ஈமானை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே ஈமானோடு போனவர்கள் முஃதாவில் பின்வாங்கினார்கள், 634-ல் யூப்ரடீஸ் ஓரத்துப் பாலப் போரில் யானைகளின் முன்னால் நொறுங்கினார்கள். ஆகவே வேறு காரணங்களும் வேண்டும்.

முதலாவது, நேரம். ரோமானியரும் பாரசீகரும் 602 முதல் 628 வரை ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியிருந்தார்கள். 614-ல் ஜெருசலேம் பாரசீகத்திடம் போனது, பிறகு எகிப்தும் போனது. ரோமானியப் பேரரசர் ஹெராக்ளியஸ் எல்லாவற்றையும் மீட்டார், ஆனால் கஜானா காலி. பாரசீகத்தில் 628-ல் இரண்டாம் குஸ்ரூவைக் கொன்ற பிறகு நாலே வருடத்தில் அரியணை ஆள் மாற்றி ஆள் மாறி, கடைசியில் யஸ்தகிர்து என்ற இளைஞனிடம் வந்தது. எல்லையைக் காத்துவந்த அரபுக் குலங்களுக்கு ரோமானியர் கொடுத்துவந்த பணத்தையும் நிறுத்திவிட்டார்கள் என்று தியோஃபனீஸ் எழுதுகிறார். இதைவிட மோசமான சிக்கனம் இருக்க முடியாது.

அப்புறம் பாலைவனம். ஒட்டகத்தில் பயணம், குதிரையைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு வந்து சண்டைக்கு மட்டும் ஏறுவது. தோற்றால் பாலைவனத்துக்குள் போய்விடலாம், துரத்திவர யாருக்கும் முடியாது. பஸ்ராவும் கூஃபாவும் புதிதாக எழுந்தது பாலைவன விளிம்பில்தான். எகிப்திலும் கடற்கரை அலெக்ஸாந்திரியாவை விட்டுவிட்டு ஃபுஸ்தாத்தில் படை தங்கியது. எனக்கும் படைக்கும் நடுவே நீர் இருக்கக் கூடாது என்பது இரண்டாம் கலீஃபா உமரின் கட்டளை. 636 ஆகஸ்டில் யர்மூக்கில் பல நாள் நடந்த போரோடு சிரியா கைமாறியது, காதிஸிய்யாவுக்குப் பிறகு பாரசீகத் தலைநகர் மதாயின் போனது, 642-ல் நஹாவந்த், 651-ல் மெர்வ் பக்கம் யஸ்தகிர்து கொலையுண்டதோடு அந்தப் பரம்பரையே முடிந்தது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வேகம் காட்டியவர்கள் பெரும்பாலும் தளபதிகள். மதீனாவில் உட்கார்ந்திருந்த உமர் பிரேக் போட்டுக்கொண்டே இருந்தார். 639-ல் அம்ர் பின் ஆஸ் நாலாயிரம் பேர் போல அழைத்துக்கொண்டு எகிப்துக்குக் கிளம்பினார். எகிப்து மண்ணில் கால் வைப்பதற்கு முன் இந்தக் கடிதம் கிடைத்தால் திரும்பிவிடு என்று உமர் எழுதினார். அம்ருக்கு உள்ளே என்ன இருக்கும் என்று புரிந்துவிட்டது. கடிதத்தைக் கொண்டுவந்தவரைச் சந்திக்காமலே இழுத்தடித்து, அரீஷ் பக்கத்து ஊருக்கு வந்ததும், இது எகிப்துதானே என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, அதற்கப்புறம் பிரித்தார். சைப்ரஸுக்குக் கப்பல் அனுப்ப சிரியா ஆளுநர் முஆவியா கேட்டபோதும் உமர் மறுத்தார், அடுத்த கலீஃபா உஸ்மான் காலத்தில்தான், 649-ல், அது நடந்தது.

பலர்: வாளால் பரவிய மதம் என்பதற்கு என்ன பதில்?

ஆட்சி வாளால் பரவியது, அதில் ஒளிக்க எதுவுமில்லை. முற்றுகை, கனீமத் (போரில் கைப்பற்றும் பொருள்), சிறைபிடித்தல், அடிமையாக்குதல் எல்லாம் அந்தக் காலத்துப் படைகள் எல்லாவற்றையும் போல இவர்களிடமும் இருந்தன. மதம் அந்த வேகத்தில் பரவவில்லை. எகிப்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. மதம் மாறினால் ஜிஸ்யா வருமானம் போகிறதே என்று, மாறியவர்களிடமும் வரி பிடுங்கிய, பிற்கால உமையா அரசகுலத்து அதிகாரிகள் உண்டு. அந்தக் குலத்துக் கலீஃபா இரண்டாம் உமர் (ஆட்சி 717 முதல் 720 வரை) அதை நிறுத்தச் சொன்னார்.

வாசகர், காயல்பட்டினம்: அந்தப் படைகள் நம் பக்கம் வந்தனவா?

தமிழ்க் கரைக்கு வரவில்லை, இங்கே வந்தவர்கள் கடல் வணிகர்கள். மேற்குக் கரையில் மட்டும் ஒரு சம்பவம் உண்டு. பஹ்ரைன், ஓமன் ஆளுநராக இருந்த உஸ்மான் பின் அபில் ஆஸ், மதீனாவைக் கேட்காமல் கப்பலில் ஒரு படையைத் தானாவுக்கு அனுப்பிவைத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். ஆம், மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் அதே தானா. படை பத்திரமாகத் திரும்பியது. ஆனாலும் உமர், மரக்கட்டையில் புழுவை ஏற்றி அனுப்பியிருக்கிறாய், அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன் குலத்தாரில் அத்தனை பேரை எடுத்திருப்பேன் என்று எழுதினாராம். பிறகு 711, 712-ல் முஹம்மது பின் காசிம் சிந்துவுக்கு வந்தது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி: நபிகளாரின் வரலாற்றைப் பாடும் தமிழ்க் காப்பியமான சீறாப்புராணத்தில் வரும் போர்க்காட்சிகளை வரலாறாக எடுக்கலாமா? சம்பவ வரிசைக்கு எடுக்கலாம், வர்ணனைக்கு வேண்டாம். அரபு நாட்டிலேயே ஆறு ஓடி வயல் விளைவதாகப் பாடியவர் உமறுப் புலவர், காப்பிய மரபு அப்படி. ஹிஜ்ரத்துக் காண்டத்தை ரசித்துப் படியுங்கள், ஆள்கணக்குக்கு வேறு நூலைப் பாருங்கள்.

வாசகர், துபாய்: முஃதா இப்போது எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

ஜோர்டானில், கரக் நகருக்குத் தெற்கே. அந்த ஊர்ப் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஸைத், ஜஅஃபர், அப்துல்லாஹ் மூவரின் அடக்கத்தலங்கள் பக்கத்தில் உள்ள மஸார் ஊரில் இருக்கின்றன. அம்மானிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் கரக் கோட்டையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம்.